யார் ஊற்றிய தண்ணீர்

புதுச்சேரி
19 ஜனவரி 2026

அன்புள்ள அக்காவுக்கு,

தோத்திரம். கடிதத்தை வேறு எப்படி ஆரம்பிப்பது என்று அப்பா நமக்குச் சொல்லித் தரவில்லை. அதனால் இதுவே இருக்கட்டும்.

அப்பா அடக்கத்துக்குப் பிறகு இப்போதுதான் எழுதுகிறேன். போன் பண்ணலாம்தான். உன் குரல் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிடும். "சரி, அழுது முடிச்சிட்டுக் கூப்பிடு"ன்னு நீ வைத்துவிடுவாய். வாட்ஸப்பில் போட்டால் பார்த்துவிட்டுப் பேசாமல் இருப்பாய். மெயில் என்றால் நீ முழுசாகப் படித்தாக வேண்டும்.

எனக்குப் பிள்ளை பிறந்த செய்தி உனக்கு வந்திருக்கும். செம்மல் ஐயா எந்தச் செய்தியையும் தன்னோடு வைத்துக்கொண்டு சபை மூப்பர் வேலை பார்த்தவர் இல்லை. பையன். ஜனவரிக் கடைசியில் பிறக்க வேண்டியவன் நவம்பரிலேயே வந்துவிட்டான். எனக்கு பிரஷர் ஏறி, பிள்ளையை உடனே எடுத்தாகணும் என்றார்கள். ஒரு மாதத்துக்கு மேல் கண்ணாடிப் பெட்டியில் இருந்தான். புதுவருஷத்துக்குத்தான் வீட்டுக்கு வந்தான். இப்போது நன்றாகப் பால் குடிக்கிறான். நான்தான் நன்றாக இல்லை. தூங்குகிற பிள்ளையின் மூக்கடியில் விரலை வைத்து வைத்துப் பார்க்கிறேன். "அவன் மூச்சு விடறான், நீதான் விட மாட்டேங்குற" என்று தன் மகனைக் காட்டிச் சொல்கிறார் நிலவன்.

இந்த வருஷம் பனி ஓயவே இல்லை. குருசுக்குப்பத்தில் விடிந்த பிறகும் கடல் தெரிவதில்லை. பனி விடுகிற வரைக்கும் கூட்டத்துக்குப் பிள்ளையைக் கொண்டுபோகாதே என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆனால் பிப்ரவரி பதினெட்டு சாம்பல் புதன். லெந்து தபசு நாட்கள் தொடங்கிவிட்டால் ஈஸ்டர் வரைக்கும் நம் சபையில் ஞானஸ்நானம் கிடையாது, உனக்கே தெரியும். போதகர் கடலூரிலிருந்து மாதத்தில் இரண்டு ஞாயிறுதான் வருகிறார். லெந்துக்கு முன்னால் அவர் வருவது பிப்ரவரி எட்டும் பதினைந்தும்தான். அதற்குள் பனி குறைந்துவிடும், பதினைந்தாம் தேதி கொடுத்துவிடலாம் என்று கேட்டிருக்கிறேன்.

அக்கா, நீ அவனுக்கு ஞானத்தாயாக இருப்பாயா? வர முடியாவிட்டாலும் பெயர் கொடுத்தால் போதும்.

உன்
இவா


லைப்சிக்
25 ஜனவரி 2026

இவாஞ்சலினுக்கு,

கடிதம் கிடைத்தது. பிள்ளை நலம் என்பதில் சந்தோஷம்.

இங்கே பனி என்றால் முழங்கால் வரைக்கும். குளிர்காலம் முழுக்கப் பெரிய கோயிலைப் பூட்டி வைத்துவிட்டு, பக்கத்தில் ஹீட்டர் உள்ள சின்ன அறையில்தான் ஆராதனை. இன்றைக்கு ஒன்பது பேர் வந்திருந்தோம், எல்லாரும் கோட்டைக் கழற்றாமல். முதியோர் இல்லத்தில் எனக்குத் தொடர்ந்து டியூட்டி. அதனால் நேராகக் கேட்கிறேன்.

அவ்வளவு ஆபத்தான நிலையில் பிறந்த பிள்ளைக்கு அப்போதே அவசர ஞானஸ்நானம் கொடுக்க அங்கே யாருக்கும் தோன்றவில்லையா? போதகர் இல்லாத இடத்தில் விசுவாசி யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று நாம் திடப்படுத்தல் வகுப்பில் படித்தோமே. நான் ஒப்பித்துக் காட்டித்தான் நீ தேறினாய். அப்பா இருந்திருந்தால் கோயிலில் வாசித்துக்கொண்டிருந்த ஆர்கனை அப்படியே விட்டுவிட்டு ஓடியிருப்பார். கல்யாணத்தோடு அதெல்லாம் போய்விட்டதா?

இன்னும் பெயர்கூட வைக்கவில்லை என்று செம்மல் ஐயா சொன்னார். ஏன்?

ஜெமிமா


புதுச்சேரி
29 ஜனவரி 2026

அக்கா,

நீ கேட்கக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்டிருந்த கேள்வியையே கேட்டிருக்கிறாய்.

கொடுத்தாயிற்று. கொடுத்தது என் மாமியார்.

நடந்ததைச் சொல்கிறேன், பாதியில் மூடிவிடாதே. அன்றைக்கு எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தபோது வீட்டில் இருந்தது அஞ்சலாட்சி அத்தை மட்டும்தான். தவளக்குப்பத்துப் பக்கம் நாற்று நடவை அப்படியே விட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொள்ள வந்திருந்தார். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, எனக்கு என்ன ஆனாலும் ஆகட்டும், பிள்ளைக்கு ஒண்ணுன்னா தண்ணி ஊத்திடுங்க"ன்னு சொன்னேன். எப்படிச் சொல்லணும் என்று மூன்று நாமங்களையும் சொல்லிக் கொடுத்தேன். திருப்பிச் சொல்லச் சொன்னேன். பிதா, குமாரன் வரைக்கும் வந்துவிட்டு நின்றுவிட்டார். மறுபடி சொல்லிக் கொடுத்தேன். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "பரிசுத்த ஆவி, ஆயா"ன்னு எடுத்துக் கொடுத்தார்!

பிறகு எனக்கு எதுவும் நினைவில்லை. நிலவன் ரத்தத்துக்காக அலைந்துகொண்டிருந்தாராம். பிள்ளை நீலமாகிவிட்டான், வந்து பார்த்துவிடுங்கள் என்று சிஸ்டர் உள்ளே கூப்பிட்டபோது அங்கே நின்றது அத்தை ஒருத்திதான். கையைக் கழுவிக்கொண்டு போய் ஊற்றியிருக்கிறார்.

நான் கண் திறந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "நீ சொன்னத செஞ்சிட்டேம்மா." அன்றைக்கு அதைக் கேட்டபோது எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? வீட்டுக்கு வந்த பிறகுதான் சந்தேகம் வந்தது. ஊற்றியது விசுவாசி இல்லையே, செல்லுமா செல்லாதா? யாரிடமும் சொல்லாமல் கோயிலில் முறைப்படி கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன். போதகரிடமும் சொல்லவில்லை. ஒருவருக்கு ஒரே ஞானஸ்நானம்தான் என்று எனக்கும் தெரியும். தெரிந்தும்தான் கேட்டேன்.

பெயர் கோயிலில் வைக்கலாம் என்று விட்டிருக்கிறோம். இப்போதைக்கு குட்டி.

இவா


லைப்சிக்
2 பிப்ரவரி 2026

இவா,

அது ஞானஸ்நானமே இல்லை.

அந்த அம்மா மனசைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவர் தீமிதிக்கு மஞ்சள் துணி கட்டிக்கொண்டு விரதம் இருக்கிறவர் என்று நீயே ஒருதரம் அப்பாவிடம் சொன்னாய். நம்பாத வாய் அந்த வார்த்தையைச் சொன்னால் அது வெறும் வார்த்தைதானே? கிளிப்பிள்ளைகூடச் சொல்லும்.

போதகரிடம் உண்மையைச் சொல். புதிதாக, முறையாகக் கொடுக்கச் சொல். கொடுத்தால் என் பெயரைப் போட்டுக்கொள். இல்லையென்றால் என்னைக் கேட்காதே.

நீ அந்த வீட்டுக்குப் போனதில் அப்பா எப்படி நொந்தார் என்று எனக்குத் தெரியும். வாய்விட்டுச் சொல்ல மாட்டார், அவ்வளவுதான். அதை இன்னொரு முறை அவருக்குச் செய்யாதே.

ஜெமிமா


புதுச்சேரி
9 பிப்ரவரி 2026

அக்கா,

சொல்லிவிட்டேன். நேற்று ஆராதனை முடிந்து எல்லாரும் சுக்குக் காபி குடித்துக்கொண்டிருந்தபோது போதகரைத் தனியாக அழைத்துச் சொன்னேன். தனியாகச் சொன்னதை செம்மல் ஐயா எப்படிக் கேட்டார் என்று தெரியவில்லை. "இது செல்லாதும்மா, செல்லவே செல்லாது"ன்னு மப்ளரை அவிழ்த்துக்கொண்டே வந்துவிட்டார். முப்பது குடும்பம் உள்ள சபையில் மத்தியானத்துக்குள் முப்பது தீர்ப்பு. "ரெண்டு தடவை ஊத்தினா சளிதான் பிடிக்கும்" என்று நிலவன் வேறு.

போதகர் யாரையும் எதிர்த்துப் பேசவில்லை. "அவசரத்துல கொடுத்த ஞானஸ்நானத்தை விசாரிக்க நம்ம வழிபாட்டு முறையிலேயே கேள்வி இருக்கு. யார் கொடுத்தது, எதால கொடுத்தது, எந்த வார்த்தையால கொடுத்தது. அந்த அம்மாவைக் கூட்டிட்டு வா. சபை முன்னால கேட்போம். பதிலைக் கேட்ட பிறகு முடிவு பண்றேன்" என்றார். பக்கத்தில் கிண்ணத்தில் தண்ணீரும் தயாராக இருக்குமாம்.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் பக்குவமாகச் சொன்னேன். எப்படிச் சொன்னால் என்ன. முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் கை நின்றது. "நான் ஊத்தினது பத்தலையாமா?" என்று கேட்டார். பிறகு அவரே, "பிள்ளைக்கு நல்லதுன்னா எத்தினி வாட்டி வேணா ஊத்தட்டும், எனக்கு இன்னா"ன்னு மறுபடி புடைக்க ஆரம்பித்தார். நேற்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை.

அக்கா, பிள்ளை நீலமாகக் கிடந்த நேரத்தில் அவன் பக்கத்தில் இருந்தது நானில்லை, நீயில்லை, போதகரில்லை. இன்னொரு முறை ஊற்றினால், அந்த நேரத்தில் அங்கே யாருமே இல்லை என்று சொன்ன மாதிரி ஆகிவிடாதா? ஊற்றாமல் விட்டால் நான் காலம் முழுக்க சந்தேகப்பட்டுக்கொண்டே இருப்பேன், நீயும் இல்லாமல் போவாய். எனக்கு இரண்டுமே பயமாக இருக்கிறது. ஜெபம் பண்ணு. என்மேல் கோபமாக இருந்தாலும் பண்ணு.

இவா


புதுச்சேரி
16 பிப்ரவரி 2026

அன்புள்ள அக்காவுக்கு,

இதை உட்கார்ந்து படி.

நேற்றுக் காலையிலும் பனிதான். பிள்ளைக்குக் காதை மூடித் துணி சுற்றி, அத்தை மாரோடு அணைத்துக்கொண்டார். ஆட்டோவை விட்டு இறங்கும்போது கத்தோலிக்கரின் பெரிய கோயில் மணி அடித்தது. வழக்கம்போல நம்ம மணி அதில் காணாமல் போனது. அத்தை நம் கோயிலுக்குள் வருவது இதுதான் முதல்முறை. செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்காரப் போனார். மணி அடிக்கிற கோயில்பிள்ளை வந்து அவரை முன்னால் கூட்டிக்கொண்டு போனார்.

பிரசங்கம் முடிந்ததும் போதகர் கூப்பிட்டார். நான், நிலவன், பிள்ளையோடு அத்தை. "ஞானத்தாய் யார்?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீ சம்மதம் சொல்லாமல் உன் பெயரை நான் எப்படிச் சொல்ல? "அந்த இடம் அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அத்தை பக்கம் திரும்பினார்.

"இந்தப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தது யாரும்மா?"

"நான்தான் சாமி."

"எதால கொடுத்தீங்க?"

"தண்ணியாலதான். சிஸ்டரு ஊசிக் கொழாய்ல எடுத்துக் குடுத்துச்சி. கண்ணாடிப் பொட்டில கைய உள்ள உட ஓட்டைதான் இருந்துது. வெரல நனைச்சி உச்சில மூணுவாட்டி வச்சேன். அதுக்கு மேல ஊத்தினா குளிருமேன்னு உட்டுட்டேன்."

யாரோ பின்னால் சிரித்தார்கள்.

"என்ன வார்த்தை சொன்னீங்க?"

அத்தை என்னைப் பார்த்தார். ஆட்டோவில் நின்ற இடத்திலேயே நின்றுவிடுவாரோ என்று நான் வாயை அசைத்துக் காட்டப் போனேன். நிற்கவில்லை. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி. நிறுத்தி நிதானமாக, ஒவ்வொன்றுக்கும் விரலை ஒருமுறை காற்றில் தொட்டுக் காட்டினார்.

செம்மல் ஐயா எழுந்துவிட்டார். "வார்த்தை சரிங்க ஐயா. ஆனா இந்த அம்மாவுக்கு அதுல நம்பிக்கை உண்டான்னு கேளுங்க."

போதகர் கேட்பதற்கு முன்னால் அத்தையே பேசினார். "நான் இன்னாத்தங்க கண்டேன்? எனக்கு ஒங்க சாமி வெவரமெல்லாம் தெரியாது. எம் மருமவ சாவக் கெடக்கையில எந்த நெனப்புல சொன்னாளோ அந்த நெனப்புலதான் வச்சேன். எந் நெனப்புல வைக்கல."

போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "பிள்ளைக்கு அப்ப பேர் சொன்னீங்களாம்மா?" என்று கேட்டார். நான், "இல்லைங்க ஐயா, பேரே வைக்கலை"ன்னு குறுக்கே சொன்னேன்.

"சொன்னேனே" என்றார் அத்தை. "பேரு சொல்லித்தான் ஊத்தணும்னு நீதானம்மா சொன்ன. எந்தப் பேருன்னு சொல்லாம மயங்கிட்ட. நான் இன்னா பண்ணுவேன்? மயங்கற வரைக்கும் அப்பா அப்பான்னுதான் கத்திக்கினு வந்த. அவரு பேரையே சொல்லிட்டேன். ஞானாபரணம்."

நம் அப்பா பேர், அக்கா! நிலவனுக்கும் அது தெரியாது. "ஏம்மா இத்தினி நாளா சொல்லலை?" என்று அவர் கேட்க, "யாரு கேட்டீங்க? குட்டி குட்டின்னு நீங்களே கூப்பிட்டுக்கினு இருந்தீங்க. நான் மட்டும் உள்ளுக்குள்ள சம்மந்தின்னு கூப்பிட்டுக்கினு இருந்தேன்" என்றார். பிறகு சபையைப் பார்த்து, யாரோ தப்புச் சொன்ன மாதிரி விளக்கினார்: "அவரு ஆர்கன் பொட்டி ரிப்பேருக்குக் கடலூரு போவசொல்ல எல்லாம் நம்ம ஊட்டுக்கு வந்துட்டுத்தான் போவாரு. ஒருநாளும் கை நனைக்காம போனதில்ல. எம் மீன் கொழம்புக்கு அவரு வைக்கிற பேரே தனி."

அக்கா, இது எனக்கே தெரியாது. அப்பா எங்களைப் பார்க்க வருவார் என்று தெரியும். அத்தையைப் பார்க்கத் தனியாகத் தவளக்குப்பம் போய் வந்தார் என்று எனக்குத் தெரியாது. நொந்துபோனவர் சம்பந்தி வீட்டில் போய்க் கை நனைப்பாரா? நீயே சொல்.

போதகர் கிண்ணத்தைத் தொடவில்லை. மூடியை எடுத்து அதன்மேல் வைத்தார். பிள்ளையின் துணியைக் கொஞ்சம் விலக்கி உச்சியில் கை வைத்து, "ஞானாபரணம், நீ ஏற்கனவே ஞானஸ்நானம் பெற்றவன். சபை உன்னை ஏற்றுக்கொள்கிறது" என்றார். ஜெபம் முடிவதற்கு முன்னாலேயே செம்மல் ஐயா "ஆமென்" என்று ஒரு சத்தம் போட்டார் பார், பிள்ளை வீரிட்டு அழுதான். அப்பாவின் ஆர்கனில் பனிக்கு ஒட்டிக்கொள்கிற அந்தக் கட்டை நேற்றும் ஒட்டிக்கொண்டது. ஒரே சுரம் பாட்டு முழுக்க இழுத்துக்கொண்டிருந்தது. யாருக்கும் கவலையில்லை.

நேற்று மத்தியானம் அவன் தூங்கும்போது நான் மூக்கில் விரல் வைக்கவில்லை. ஒரு தடவை வைத்தேன். அவ்வளவுதான்.

நீ கேட்டபடி நடக்கவில்லை. உன் வார்த்தையில் நீ நிற்கலாம், நான் குறை சொல்ல மாட்டேன். அந்த இடம் இருக்கிறது, அக்கா.

உன்
இவா


லைப்சிக்
18 பிப்ரவரி 2026, சாம்பல் புதன்

இவா, இதை அத்தைக்கு வாசித்துக் காட்டு. உனக்குத் தனியாக எழுத இப்போது முடியவில்லை.

அன்புள்ள அத்தைக்கு,

தோத்திரம் என்று எழுதி, அழித்து, வணக்கம் என்று எழுதி, மறுபடி தோத்திரம் என்றே எழுதுகிறேன். நீங்கள் தப்பாக நினைக்க மாட்டீர்கள்.

நான் இவாவின் அக்கா, ஜெமிமா. அப்பா அடக்கத்துக்கு நான் வந்தபோது கல்லறை வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஊட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போம்மா" என்றீர்கள். நான் கையை உருவிக்கொண்டு நேராக ஏர்போர்ட்டுக்குப் போனேன். அப்பாவுக்குப் பிடிக்காது என்று நினைத்துக்கொண்டு போனேன். விமானத்தில் கொடுத்ததையும் சாப்பிடவில்லை.

அப்பா மீன் குழம்புக்கு வைத்த பேர் என்ன? இவா எழுதாமல் விட்டுவிட்டாள். நான் வந்து கேட்டுக்கொள்கிறேன்.

இங்கே ஈஸ்டருக்குத்தான் பெரிய கோயிலைத் திறப்பார்கள். இந்த வருஷம் திறக்கிறபோது நான் இருக்க மாட்டேன். லீவு கேட்டுவிட்டேன், டிக்கெட்டும் போட்டாயிற்று. கோயிலில் அந்தப் பிள்ளை பக்கத்தில் ஒரு இடம் இருக்கிறதாமே. நீங்கள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கை நனைக்கிறது உங்கள் வீட்டில்தான்.

நான் பார்த்துக்கொள்கிற ஒரு ஜெர்மன் அம்மா ஞானாபரணத்துக்குக் கம்பளித் தொப்பி பின்னிக்கொண்டிருக்கிறார். புதுச்சேரியில் ஏப்ரல் மாதம் எப்படி இருக்கும் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. நீங்கள் அதை அவனுக்குப் போட வேண்டாம், அத்தை. என் கையிலிருந்து வாங்கிக்கொண்டால் போதும்.

உங்கள்
ஜெமி