வண்ணப் பொருத்தப் பக்கத்தில் யார் பெயர்

காஞ்சிபுரம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புக் காவேரிக்கு,

அம்மா எழுதுவது. ஜெர்மனியில் குளிர் தொடங்கியிருக்கும், நீ வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்வாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று வழக்கம்போல் எழுதிவிட்டு அழித்துவிட்டேன். யார் உயிருக்கும் ஒன்றுமில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன், பதறாதே. ஆனால் செவ்வாய்க்கிழமையிலிருந்து நான் நானாக இல்லை. இரண்டு முறை போன் செய்தேன், திரையில் உன் முகத்தைப் பார்த்ததும் அங்கே மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். எனக்கு வாயால் சொல்வதைவிட எழுதுவது எளிது என்று உனக்குத் தெரியும், அதனால்தான் நீ விட்டுப்போன மடிக்கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

நம் கடைக்கு நீ செய்கிற செயலிக்காக வீட்டிலிருக்கும் பட்டு நூல் அத்தனையையும் நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து, ஒவ்வொன்றுக்கும் நம் ஊரில் சொல்கிற நிறப் பெயரோடு அனுப்பச் சொல்லியிருந்தாய். திங்கட்கிழமை நூல்களை எல்லாம் மாடிக்கு எடுத்துப்போய் ஒன்று, இரண்டு என்று எண் ஒட்டிப் படமெடுத்தேன், நூற்று முப்பத்திரண்டு வந்தது. திரும்பக் கொண்டுவந்து எண் வரிசைப்படியே சுவர் ஆணிகளில் மாட்டினேன். முன்பு எது எங்கே இருந்தது என்று நான் யோசிக்கவே இல்லை. மறுநாள் காலை உன் அப்பா சுவருக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்து, முதல் ஆணியிலிருந்து கடைசி ஆணிவரை மளமளவென்று பெயர் சொன்னார், நான் தட்டினேன். அரக்கு, மயில்கழுத்து, ராமர் பச்சை, கனகாம்பரம், வெங்காயத்தோல் என்று ஒரு இடத்திலும் நிற்கவில்லை. எம் பொண்ணு ஆப்புக்கு அப்பன் ஒருத்தன் போதும்னு எழுதிப் போடு என்று சிரிப்பு வேறு.

பிறகு படங்களோடு பெயர்களைச் சேர்த்துப் பார்த்தேன். கத்திரிப்பூ நிறத்துக்கு ராமர் பச்சை என்றிருந்தது. மாம்பழ மஞ்சளுக்கு அரக்கு. நான்தான் வரிசை மாற்றித் தட்டிவிட்டேன் என்று நினைத்து மறுபடியும் பார்த்தேன், அப்போதுதான் புரிந்தது. அவர் சொன்னது அந்தச் சுவரில் இத்தனை வருடமாக இருந்த பழைய வரிசை. ஒரு பெயர் பிசகாமல் அதே வரிசை. அப்படியென்றால் எதிரே தொங்கியதை அவர் பார்க்கவே இல்லை. அரக்கையும் கருநீலத்தையும் இரண்டு கையில் எடுத்துப்போய் எது அரக்கு என்று கேட்டேன். இன்னா கலா, எனக்கே பரீட்சை வெக்கிறியா என்றார். வாங்கி விரலால் தடவினார், வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார், திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது, ரெண்டு வருசமா எல்லாமே டிகாக்‌ஷன் ஊத்தின மாதிரி இருக்குது என்றார். காவேரி, இரண்டு வருடம்! ஒரே வீட்டில் இருந்துகொண்டு எனக்குத் தெரியவில்லை. ஊரில் உள்ள புத்தகமெல்லாம் படிக்கிறேன், எதிரே உட்கார்ந்து காபி குடிக்கிறவரைப் படிக்கவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று சத்தம் போட்டேன். நிறம் தெரியாதவனிடம் முகூர்த்தப் புடவை எவன் எடுப்பான், தெருவில் ஒருத்தருக்குத் தெரிந்தால் போதும் என்றார். அப்படியென்றால் வண்ணப் பொருத்தப் பக்கத்துக்கு ஏன் தலையாட்டினீர்கள் என்று கேட்டேன். வாடிக்கையாளர் நகையையோ ரவிக்கையையோ படமெடுத்து அனுப்பினால் அதற்குப் புடவையின் உடல் நிறம், பார்டர் நிறம் எல்லாம் வேலாயுதம் பார்த்துச் சொல்வார் என்று அவர் படத்தோடு நீ போட்டிருக்கிறாய், செயலியே அந்த ஒரு பக்கத்தை நம்பித்தானே நிற்கிறது. கொயந்த அவ்ளோ ஆசையா வரைஞ்சு காட்டுச்சு, எப்படி வேணாங்கறது என்றார்.

ஆனால் இந்த இரண்டு வருடத்தில் ஒரு புடவைகூட நிறம் தப்பிப் போகவில்லையே, அது எப்படி என்று கேட்டதற்கு அவர் தலை குனிந்துகொண்டு அன்னம்மா என்றார். நமக்குத் தறிக்கு நூலைத் தார்க் குச்சியில் சுற்ற வருகிற அதே அன்னம்மாள்தான். அண்ணா, இந்த மயில்கழுத்துத் தார எங்க வெக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் அவள் சத்தமாகக் கேட்பதை நான் வெறும் தொணதொணப்பு என்றே நினைத்திருந்தேன். அது அவருக்குச் சொல்லிக்கொடுப்பது! வாடிக்கையாளர் முன்னால் அவர் தடுமாறினால், நூல் சுற்றிக்கொண்டே இதுக்கு கனகாம்பரம் எடுக்கும்ல அண்ணா என்பாளாம், இவர் அதையே தன் யோசனையாகச் சொல்லிவிடுவாராம். போன தையில் மாகறல் கல்யாண வீட்டுக்காரர்கள் நான்கு புடவை எடுத்துவிட்டு, வேலாயுதம் கண்ணுக்குத்தான் காசு என்று புகழ்ந்தார்களே, அந்த நான்கும் அவள் சொன்ன நிறங்கள். புதன்கிழமை அவள் வந்ததும் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். தார் சுற்றுவதை நிறுத்தாமலே, அண்ணனே சொல்லல, நான் யாரு அக்கா சொல்றதுக்கு என்றாள்.

வியாழக்கிழமை கண் மருத்துவரிடம் போனோம். இரண்டு கண்ணிலும் புரை நன்றாக முற்றிவிட்டது, சர்க்கரையும் சேர்ந்துகொண்டது என்றார். அறுவை சிகிச்சை செய்தால் நிறம் திரும்பத் தெரியும் என்றுதான் சொல்கிறார். பதினான்காம் தேதி வலது கண், அடுத்த மாதம் இடது. உன் அப்பா அவரிடம் கேட்ட ஒரே கேள்வி, கருப்புக் கண்ணாடி எத்தினி நாளு போடணும், தெருவுல கேப்பாங்களே என்பதுதான்.

ஆனால் பேருந்தில் வரும்போது அவரே சொன்னார், கண்ணு வந்தாலும் அந்தப் பக்கத்துல என் படம் வேணாம் கலா, அன்னம்மா படத்தப் போடச் சொல்லு, கூலியும் அதுக்குத் தக்கனதான் இனிமே. வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னோம். என் மூஞ்சியா, உங்க ஆப்பு தொறக்கும்போதே மூடிக்கும்ணா என்று முதலில் சிரித்தாள். பிறகு கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு, அக்கா, அன்னம்மாள்னு கிறிஸ்டின் பேரப் பாத்துட்டு நாலு பேரு கல்யாணப் புடவைக்கு வராம போனா அப்புறம் என்னத் திட்டக்கூடாது என்றாள். இதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும் காவேரி, இதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன். எனக்கு உடனே பதில் வரவில்லை. கண் தெரியாததைக்கூடத் தாங்கிக்கொண்டேன், அந்த ஒரு நிமிடம் நான் சும்மா நின்றதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. அவளும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். உன் அப்பாதான், வராதவங்களுக்கு ஊர்ல வேற கடையா இல்ல என்றார்.

அதனால் செயலியைத் தை முதல் தேதி வெளியிட வேண்டாம். இடது கண்ணும் ஆறட்டும், நூல் பெயர்களை அன்னம்மாள் உட்கார்ந்து சரிபார்க்கட்டும். நீ வரைந்த படத்தை மாற்ற வேண்டியிருக்கிறதே என்று வருந்தாதே, அப்பாவிடம் கோபமாகவும் பேசாதே. நீ எடுத்த காரியம் நல்லபடியாக முடியட்டும், ஏகாம்பரநாதர் உன்னோடு இருக்கட்டும்.

மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்று. அந்தப் பக்கத்தில் பெயரை எப்படிப் போட வேண்டும் என்று என்னிடம் கேட்காதே, அவளுக்கே போன் செய்து கேள். ஆறு மணிக்கு மேல் வீட்டில் இருப்பாள். உன் வயதைப்போல் இரண்டு மடங்கு இருப்பவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட உன்னைப் பழக்கியது நான்தான். இந்த முறை அத்தை என்று கூப்பிடு.

இப்படிக்கு,
உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும் அம்மா,
வே. கலாவதி