அக்கா, அது திருநீறு இல்லை

என் உயிருக்கு உயிரான செல்லம்மா அக்காவுக்கு,

நீ போன பிறகு உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. அழுதுகொண்டே எழுதுவேன் என்று நினைத்திருப்பாய். அழுகையெல்லாம் தீர்ந்துவிட்டது, இப்போது வருவது ஆத்திரம்தான். உன் சாவுக்கு வந்தவள் உடனே கிள்ளானுக்குத் திரும்பவில்லை. உன் மகள் மீனாட்சியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று உன் பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலேயே தங்கிவிட்டேன். என் வீட்டுக்காரரும் ஒன்றும் சொல்லவில்லை. தங்கினதால்தான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். உன் வீட்டில் ஓயாமல் படிந்துகொண்டிருந்ததே ஒரு வெள்ளைத் தூசி, அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது.

அதோடு நீ எவ்வளவு மல்லுக்கட்டினாய்! காலையில் துடைத்தால் மத்தியானம் மறுபடி படிந்திருக்கும். சோற்றுப் பானை மூடியில், மீனாட்சியின் சிலேட்டில், முருகன் படத்துக் கண்ணாடியில், எங்கே பார்த்தாலும் மாவு சலித்த மாதிரி. செங்கல் சூளைத் தூசி என்றார் அத்தான். ரயில் இஞ்சின் புகை என்றார் எதிர்வீட்டுக்காரர். சூளைத் தூசி சிவப்பு, இஞ்சின் கரி கறுப்பு. உன் வீட்டில் விழுந்தது வெள்ளை. இதைச் சொல்லப் பெரிய படிப்பா வேண்டும்? கண் இருந்தால் போதாதா?

அப்புறம் பக்கத்து வீட்டுப் பாக்கியத்தம்மாள் வந்து, படத்தைப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "செல்லம்மா, முருகன் உன் வீட்டுக்கே வந்துட்டான்டி! படத்துலேருந்து துன்னூறு கொட்டுது பாரு!" என்று அவள் கத்தினது தெருக்கோடிவரை கேட்டதாம். மறுநாளே உன் வாசலில் கூட்டம். செலாயாங்கிலிருந்துகூட கற்பூரத்தட்டோடு வந்தார்கள் என்று நீயே எனக்குப் பெருமையாகச் சொல்லியனுப்பினாய். அதோடு விட்டார்களா? இருமிக்கொண்டு கிடந்த உனக்கு அதை நெற்றியில் பூசி, நாக்கிலும் ஒரு சிட்டிகை போட்டார்களாமே! முருகன்மேல் எனக்குக் கோபமில்லை. அவன் என்ன செய்வான் பாவம், அவன் முகத்திலும்தானே விழுந்தது?

நீ போய்க் கொஞ்ச நாளில் மீனாட்சி இருமத் தொடங்கினாள். அப்படியே உன் இருமல். சளி வராது, வறட்டு இருமல், இருமி இருமிக் கண்ணெல்லாம் சிவந்துபோகும். "சித்தி, நெஞ்சுக்குள்ள என்னமோ கீறுது" என்றாள். இந்த வீட்டில் ஒரு சாவு போதும், இன்னொன்றுக்கு விடமாட்டேன் என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினேன்.

முதலில் கதவு ஜன்னலெல்லாம் சாத்தி, இடுக்குகளில் ஈரத்துணியை அடைத்தேன். தூசி நிற்கவில்லை. அப்படியானால் வெளியிலிருந்து வரவில்லை. உன் பழைய கறுப்புச் சேலையைக் கிழித்துக் குசினியில் ஒரு துண்டு, வாசலோரம் ஒரு துண்டு, நீ படுத்திருந்த கட்டில்மேல் ஒரு துண்டு விரித்துப் போட்டேன். சாயங்காலம் பார்த்தால் குசினித் துண்டு கறுப்பாகவே இருந்தது. வாசலோரத்தில் லேசாகத் தூவின மாதிரி. கட்டில்மேல் கிடந்தது வெளுத்தே போயிருந்தது. அண்ணாந்து பார்த்தேன். உன் மேற்கட்டி!

அத்தாப்பு ஓலைக் கூரையிலிருந்து குப்பையும் பல்லியும் விழக்கூடாது என்று, அத்தான் தான் வேலை செய்யும் ரயில் பட்டறையிலிருந்து கொண்டுவந்த சாக்குகளைப் பிரித்து, ஒட்டுப்போட்டு, பல்லால் நூலைக் கடித்துக் கடித்து நீ தைத்துக் கட்டினதுதானே அது. உன் குடியிருப்பு வரிசையில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். தீபாவளிக்குத் தீபாவளி பட்டறை ஸ்டோரில் கணக்கு எழுதும் கிராணி சாக்கு கொடுப்பார். நீங்களெல்லாம் வாசலில் போட்டு உதறி, தடியால் தட்டி, புதுசாகக் கட்டுவீர்கள். துடைப்பக்கட்டையால் ஒரு குத்துக் குத்தினேன். பொலபொலவென்று கொட்டியது பார், எதிரிலிருந்த சுவரே தெரியவில்லை. தூசி விழாமல் இருக்கக் கட்டினதே தூசியைக் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அதற்குக் கீழேதான் நீ இத்தனை வருஷம் பிள்ளையை அணைத்துக்கொண்டு படுத்திருந்தாய்.

அத்தான் வேலை முடிந்து வந்ததும் வாசலிலேயே பிடித்துக்கொண்டேன்.

"அத்தான், அந்தச் சாக்குல பட்டறைக்கு என்ன வருது?"

"அதா? இஞ்சின் பாய்லர் மேல அப்புற வெள்ளைப் பொடி. நார் நாரா இருக்கும். தண்ணி ஊத்திப் பிசைஞ்சு பூசுவோம், சூடு வெளிய போகாது. ஏன், நல்ல சாக்குதானே அது?"

"பொடியைக் கொட்டுற எடத்துக்குத் துரை வருவாரா?"

"வருவாரு. மூக்குல கைக்குட்டையைக் கட்டிக்கிட்டு வாசல்லயே நின்னு பாத்துட்டுப் போயிருவாரு. வெள்ளைக்காரனுக்கு நம்ம வேர்வை நாத்தம் ஆகாதுல்ல" என்று சொல்லிச் சிரித்தார்.

வேர்வை நாற்றமாம்! "அவன் மூக்கைப் பொத்தினது உங்க வேர்வைக்கு இல்ல அத்தான், அந்தப் பொடிக்கு!" என்று கத்தினேன். அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷத்தில் அவருக்கு அது தோன்றவே இல்லை. தன்னைப் பார்த்துத்தான் துரை முகம் சுளிக்கிறான் என்று எடுத்துக்கொண்டு, அதையும் சிரித்துச் சகித்துக்கொண்டு வேலை செய்திருக்கிறார். எனக்கு அவரைத் திட்டுவதா, அவருக்காக அழுவதா என்று தெரியவில்லை.

மறுநாள் மீனாட்சியை ரயில்வே டிஸ்பென்சரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே நோய் பார்த்து மருந்து கொடுக்கும் டிரஸர் தமிழர். குழாயை வைத்து நெஞ்சைக் கேட்டார். பட்டறைச் சாக்கு என்று நான் சொன்னதும் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"உங்க அக்கா அதனாலதான் செத்தாங்கன்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. ஆனா அந்தப் பொடியில கை வைக்கிறவங்களுக்கு மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக் கொறையுது. உள்ள போனது வெளிய வரமாட்டேங்குது. புள்ளையை மொதல்ல அந்த வீட்டைவிட்டுக் கூட்டிட்டுப் போங்க."

"இதை நீங்க மேல சொல்லலியா?"

"சொன்னேன். உன் வேலையைப் பாருன்னுட்டாங்க."

கேட்டாயா அக்கா? தெரிந்தேதான் கொடுத்திருக்கிறார்கள்! குழி தோண்டிப் புதைக்க வேண்டியதைத் தீபாவளி இனாம் என்று கொடுத்தார்கள், நீயும் பதிலுக்கு முறுக்குச் சுட்டு அனுப்பினாய். இதற்கு யாரிடம் போய் நியாயம் கேட்பது? துரை பங்களா வாசலில் என்னைப் போன்றவளை நிற்கத்தான் விடுவார்களா?

வீட்டுக்கு வந்து முதல் வேலையாக மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு, மேற்கட்டியைத் தண்ணீர் தெளித்து நனைத்து, அப்படியே சுருட்டி இறக்கிப் பின்பக்கம் ஆழமாகப் புதைத்தேன். பாக்கியத்தம்மாள் ஓடிவந்து, "அடிப்பாவி, சாமி குத்தம்டி!" என்று குதித்தாள். அவள் கையைப் பிடித்து அவள் வீட்டுக்கே இழுத்துப்போய், அவள் மேற்கட்டியைத் துடைப்பக்கட்டையால் லேசாகத் தட்டிக் காட்டினேன். அதே வெள்ளை. "நான்தானே அவ நாக்குல போட்டேன்" என்றாள், தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே. அக்கா, அவளை என்னால் அதற்குமேல் ஏச முடியவில்லை. வரிசை முழுக்க இருந்த மேற்கட்டிகளை இறக்க அவள்தான் எல்லோருக்கும் முன்னால் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

இந்தத் தீபாவளிக்கு ஒருத்தியும் சாக்கு வாங்கவில்லை. அதற்குக் கிராணி என்ன சொன்னான் தெரியுமா? "வேணாம்னா போங்க. கிள்ளான்ல மேரு பக்கத்து ரப்பர் தோட்டத்துக்கு அனுப்பிடுறேன், அங்க குடுத்தா கும்பிட்டு வாங்கிக்குவாங்க." காறித் துப்பிவிட்டு வந்தேன்.

மீனாட்சி இப்போது கிள்ளானில் என்னோடு இருக்கிறாள். இருமல் குறைந்திருக்கிறது, போய்விட்டது என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். ராத்திரி தூங்குகிறாள், நன்றாகச் சாப்பிடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை அத்தான் ரயிலேறி வருவார். கிணற்றடியில் தலைக்கு ஊற்றி, வேட்டி மாற்றிக்கொண்ட பிறகுதான் மகளைத் தொட விடுகிறேன். அந்த வேலையை விடுங்கள் என்று நாக்குத் தேயச் சொல்லிவிட்டேன். "வேற என்ன வேலை தெரியும் எனக்கு?" என்கிறார்.

போன ஞாயிறு மீனாட்சியைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைத்தெருவுக்குக் கிளம்பினார். வாசலைத் தாண்டவில்லை, பிள்ளையை இறக்கிவிட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டார். வறட்டு இருமல். யாரும் சொல்லாமலே மீனாட்சி உள்ளே ஓடிப்போய்ச் செம்பில் வெந்நீர் கொண்டுவந்து நீட்டினாள். அவளுக்குப் பழக்கமான வேலை அது.

உன் மகளை நான் வளர்ப்பேன் அக்கா. மேருவுக்குப் போய் வீடு வீடாக ஏறி, அந்தச் சாக்கை உள்ளே விடாதீர்கள் என்று சொல்வேன். துரத்தினாலும் மறுபடி போவேன். அத்தானைப் பட்டறையிலிருந்து இழுத்துவந்து, என் வீட்டுக்காரரின் மாட்டுவண்டியை ஓட்ட ஏற்றிவிடப்போகிறேன், கையைக் காலைக் கட்டியாவது. நீ தனியாக இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவரை எதிர்பார்த்துக்கொண்டிருக்காதே. அவ்வளவு லேசில் நான் அனுப்பமாட்டேன்.

உன் வாயாடித் தங்கை,
உன் மீனாட்சியின் சித்தி