லீலாவின் வண்டிக்குச் சாப்பாடு

5 மே 1970, செவ்வாய்

காலை எட்டு மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. பள்ளிக்கூடம் லீவு. கிணற்றில் தண்ணீர் அடியில் கிடக்கிறது. நாலு வாளி இறைப்பதற்குள் தோள் போயிற்று.

மத்தியானம் லீலாவின் கடிதம். வெள்ளிக்கிழமை ஜபல்பூர் வண்டியில் மெட்ராஸ் வந்து, அன்றைக்கே சாயங்காலம் எழும்பூரில் திருநெல்வேலி வண்டி ஏறுகிறாள். கொழுந்தனுக்குக் கல்யாணம். அவள் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு தனியாக வருகிறாள். வழியில் எங்கும் தங்காமல் நேரே வரவேண்டும் என்று மாமியார் எழுதியிருக்கிறாளாம்.

"அக்கா, ஸ்டேஷன் சாப்பாடு வாங்கிக் கட்டுப்படியாகாது. சின்னவன் வயிற்றுக்கும் ஒத்துக்கொள்ளாது. தாம்பரத்தில் வண்டி நிற்குமே, ராத்திரிக்கும் காலைக்கும் ஏதாவது கொண்டுவந்து கொடு. உன்னையும் பார்த்தமாதிரி இருக்கும்."

கடைசி வரியை மறுபடி படித்தேன். அவளைப் பார்த்து நாலு வருஷம். அம்மா இந்த வீட்டில்தான் இறந்தாள். தந்தி அவளுக்குப் போய்ச் சேர்ந்தபோது அடக்கமே முடிந்துவிட்டது. அப்புறம் எல்லாம் கடிதத்தில்தான். அம்மாவைப் பற்றி அவளும் கேட்டதில்லை, நானும் எழுதினதில்லை.

6 மே, புதன்

அவரிடம் சொன்னேன். ஆபீசிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"ஸ்டேஷனுக்கு எதிர்லயே ஹோட்டல் இருக்கு. நாலு பொட்டலம் கட்டித் தரச் சொன்னா ஆச்சு. எதுக்கு இவ்வளவு அமர்க்களம்?"

"அந்தக் காசுக்கு வீட்டுல ரெண்டு வேளைக்கும் பண்ணிடலாம். ஹோட்டல் சாம்பார் சாதம் மே மாசத்துல விழுப்புரம் தாண்டாது."

"சரி, தாயே."

ஆனாலும் சாயங்காலம் அவரே மார்க்கெட்டுக்குப் போய் வாழையிலைக் கட்டு, முட்டை, பங்கனபள்ளி மாம்பழம் வாங்கி வந்தார். மாம்பழம் நான் சொல்லவில்லை. மிச்சம் பிடிக்கிற லட்சணம்!

7 மே, வியாழன்

மாவு அரைத்தாயிற்று. புளிக்காய்ச்சல் ஆயிற்று. வீடு முழுக்கப் பெருங்காய வாசனை.

யோசித்து வைத்தது: இந்த வெயிலுக்குத் தேங்காய் எதிலும் கூடாது. காலைக்கு இட்லி, ஒவ்வொன்றாக மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி இலையில். பிள்ளைகளுடையதற்குப் பொடி வேண்டாம், சர்க்கரை. சாதத்தைப் பால் விட்டுக் குழையப் பிசைந்து, துளித் தயிர் மட்டும் விட்டால் காலையில் பதமாக உறைந்திருக்கும். முட்டை ராத்திரியே தின்றுவிட வேண்டும்.

பெரியவளுக்கு ஆறு வயது. சின்னவனை நான் பார்த்ததே இல்லை. காரம் தின்பார்களா? தமிழ் பேசுவார்களா?

தூக்கம் வரவில்லை. லீலா இளைத்திருப்பாளோ.

9 மே, சனி

நேற்று எழுத முடியவில்லை. நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

ஆறு மணிக்கே ஸ்டேஷனில். என் கையில் பெரிய தூக்கு, இலைப் பொட்டலங்கள். அவர் கையில் தண்ணீர்க் கூஜா, மாம்பழப் பை. பிளாட்பாரம் டிக்கெட் இரண்டு. திருநெல்வேலி போகிற கூட்டம், பெட்டி படுக்கை, கோழிக்கூடை வேறு. நாங்கள் நடுவில் போய் நின்றோம். ஒரு போர்ட்டர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கிட்டே வந்தான்.

"இன்னாமா, யாரைத் தேடினுகீறே?"

"லேடீஸ் பெட்டி எங்கே வரும்ப்பா?"

"அது முன்னால, எஞ்சினாண்ட. இங்கியே நின்னுகினு இருந்தீன்னா வண்டி பூடும். போ, போ, ஓடு!"

ஓடினோம். அதற்குள் வண்டி வந்துவிட்டது. ஒவ்வொரு ஜன்னலாக "லீலா, லீலா" என்று கத்திக்கொண்டே போனேன். வாத்தியாரம்மா என்பதெல்லாம் மறந்துபோயிற்று. ஒரு ஜன்னலுக்குள்ளிருந்து, "அக்கா!"

இளைத்துத்தான் இருந்தாள். முகமெல்லாம் கரி. தூக்கை நீட்டினேன். ஜன்னல் கம்பிக்குள் நுழையவில்லை. இலைப் பொட்டலத்தைத் தள்ளினால் நசுங்குகிறது. "இரு, உள்ளே வந்து வச்சிட்டு இறங்கிடறேன்" என்று ஏறிவிட்டேன்.

உள்ளே வழியெல்லாம் மூட்டைகள். தாண்டிப் போய்த் தூக்கைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளி நிமிர்ந்தால் லீலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்னவன் அவள் மடியில், மூக்கு ஒழுக. பெரியவள் பிரேமா என்னையே முறைத்துப் பார்க்கிறாள். ஊதல் சத்தம். வெளியே அவர் ஜன்னலைத் தட்டுகிறார்.

"கிரேஸ், இறங்கு! எடுத்துட்டான்!"

"போ அக்கா, போ" என்றாள் லீலா. வாய்தான் சொல்கிறது. கை விடவில்லை.

நான் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் கொஞ்ச தூரம் கூடவே ஓடிவந்தார். வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் கூஜாவும் பையும் ஆட. "செங்கற்பட்டுல இறங்கிடு! அங்கேயே நில்லு, நான் அடுத்த வண்டியில வரேன்!" இந்த மனிதர் இப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை. பெருங்களத்தூர் தாண்டும்வரை லீலாவும் நானும் சிரித்தோம். ஏன் சிரிக்கிறோம் என்று தெரியாமல் பிரேமாவும் சிரித்தாள்.

அப்புறம் இலை போட்டுப் பிள்ளைகளுக்கு ஊட்டினேன். இரண்டு நாளாகப் பொரியும் பிஸ்கட்டும் தின்ற வயிறுகள். சின்னவன் வாயைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தான், கூண்டுக் குருவி மாதிரி. பிரேமா முதல் முட்டையை முடித்துவிட்டு, "பெரியம்மா, இன்னொரு அண்டா" என்றாள்.

"அண்டாவா? அதெல்லாம் வீட்டுல இருக்குடி."

லீலாவுக்குப் புரை ஏறிவிட்டது. இந்தியில் முட்டைக்கு அண்டாவாம்!

"நீயும் சாப்பிடு" என்று அவள் கையில் புளிச்சாதத்தை உருட்டி வைத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டாள். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டே, ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டாள்.

"அக்கா, அம்மா கடைசியில என்னைத் தேடினாளா?"

இதற்கு என்ன பதில் வருமோ என்று பயந்துதான் இவ்வளவு நாளும் அவள் கேட்காமல் இருந்தாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"இல்லைடி. அன்னைக்குச் சாயங்காலம் பால்காரனோட சண்டை. பால்ல தண்ணின்னு. காப்பி குடிச்சா. அத்தான் ஏதோ கிண்டல் பண்ணினார், சிரிச்சா. ஜெபம் பண்ணிட்டுப் படுத்தா. காலையில நான் எழுப்பப் போனேன். அவ்வளவுதான். யாரையும் தேடலை. எங்களையே கூப்பிடலை."

"நிஜமா?"

"நிஜமாத்தான்."

"நான் வேற என்னென்னமோ நினைச்சுக்கிட்டு இருந்தேன். அவ வாசலையே பார்த்துக்கிட்டுக் கிடந்தாப்பல..." எச்சில் கையோடு என் தோளில் சாய்ந்துகொண்டாள். அழுதாள். நானும். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் எங்களைப் பார்க்காமல் சின்னவனைத் தன் மடிக்கு வாங்கிக்கொண்டாள்.

கூடுவாஞ்சேரி தாண்டி டிக்கெட் பரிசோதகர் வந்தார். என் பிளாட்பாரம் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை வச்சுக்கிட்டு ரயில்ல வரலாமாம்மா?"

"தங்கச்சிக்குச் சாப்பாடு கொடுக்க ஏறினேன் சார். எடுத்துட்டான்."

"தினம் யாராவது ஒருத்தர் இதையே சொல்றீங்க."

பிரேமா அவரிடம் ஒரு இட்லியை நீட்டினாள். "சாப்பிட்டாச்சு கண்ணு" என்று சொல்லிவிட்டு, ஒரு பைசா குறைக்காமல் அபராதத்துக்கு ரசீது கிழித்தார். என்னிடம் இருந்தது போதவில்லை. லீலா கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தாள். சாப்பாட்டில் அவளுக்கு மிச்சம் பிடித்துக்கொடுக்கப் போய் அவள் காசிலேயே கைவைத்தேன். சொன்னேன். "போகட்டும் அக்கா, சினிமாவுக்குப் போனதா நினைச்சுக்கறேன்" என்றாள்.

செங்கற்பட்டு. இறங்கினேன். ஜன்னல் கம்பி வழியே பிரேமா கையை நீட்டி, "பெரியம்மா, டாட்டா." அவளுக்கு என்னைத் தெரிந்துவிட்டது.

பெஞ்சில் காத்திருந்தேன். அவர் அடுத்த வண்டியில் வந்து இறங்கினார். கையில் அதே கூஜா, அதே மாம்பழப் பை. லீலாவுக்குத் தண்ணீரும் இல்லை, பழமும் இல்லை. கோபிப்பார் என்று நினைத்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பேசினீங்களா?" என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன். "அப்ப சரி."

எங்களுக்கு என்று வீட்டில் ஒரு பருக்கை வைக்கவில்லை. ஸ்டேஷனுக்கு வெளியே ஹோட்டலில் சாப்பாடு. சாம்பார் சுமார். அவர் இரண்டாம் தரம் அப்பளம் கேட்டு வாங்கினார்.

11 மே, திங்கள்

இன்று திருநெல்வேலியில் கல்யாணம். இங்கே சும்மா இருக்க முடியவில்லை. அலமாரி துடைத்தேன். மாம்பழம் எல்லாம் ஒரேயடியாகப் பழுத்துவிட்டது, பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தேன். அடுத்து எப்போது பார்ப்பேனோ அவளை. இன்னும் நாலு வருஷமா?

19 மே, செவ்வாய்

லீலாவின் கார்டு. கல்யாணம் நன்றாக நடந்ததாம். சாதம் காலையில் துளிகூடப் புளிக்கவில்லையாம். அப்புறம் இது:

"திரும்பும்போது தாம்பரத்தில் இறங்கி நாலு நாள் தங்கப்போகிறேன். அத்தையிடம் எப்படிக் கேட்பது என்று பயந்தேன். ஜபல்பூர்வரை இரண்டு நாளுக்கும் அக்கா சாப்பாடு கட்டிக்கொடுப்பாள், வழிச்செலவு மிச்சம் என்று சொன்னேன். உடனே சரி என்றுவிட்டார்கள்."

அவரிடம் படித்துக் காட்டினேன். "உன் தங்கச்சி வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்" என்றார்.

27 மே, புதன்

மேகமூட்டம். மழை வராது, புழுக்கம்தான்.

காலை வண்டி முக்கால் மணி தாமதம். அவர் ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தார். நான்கு பேருக்கும் ஒரே ரிக்‌ஷா. அவர் சைக்கிளில் பின்னாலேயே மூட்டையோடு.

வந்ததும் லீலா அம்மாவின் கட்டில் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றாள். இட்லி வைத்தேன். "அக்கா, சாப்பிட்டுட்டுக் கல்லறைத் தோட்டத்துக்குப் போயிட்டு வந்துடலாமா?" என்றாள். சாப்பிட்டாள். கை கழுவிவிட்டு, சேலைகூட மாற்றாமல், ஒரு நிமிஷம் என்று அந்தக் கட்டிலில் சாய்ந்தாள்.

இப்போது மணி பன்னிரண்டு. பிள்ளைகள் கிணற்றடியில் அவரோடு கூத்தடிக்கிறார்கள். கறிகாய்க்காரி வாசலில் கூவ வாயெடுத்தாள், ஓடிப்போய்க் கையைக் காட்டி நிறுத்தினேன். "இன்னாமா, யாருக்கு ஒடம்பு சரியில்ல?" என்றாள். யாருக்கும் ஒன்றுமில்லை, தங்கச்சி வந்திருக்கிறாள், தூங்குகிறாள் என்றேன்.

சாயங்காலம் போய்க்கொள்ளலாம். நான் எழுப்பப் போவதில்லை.