கார்டுக்கு வைத்த பொட்டு

ஷார்ஜா
6.8.1999

அன்பு சரளாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் சுகம். வெயில்தான் ஆளைப் பொரித்து எடுக்கிறது. கம்பெனி கம்பெனியாகப் போய் யுபிஎஸ் பேட்டரி மாற்றுகிற அதே வேலைதான்.

விஷயத்துக்கு வருகிறேன். பொங்கலுக்கு நான் வந்து இறங்கும்போது நம் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருக்க வேண்டும். கல்யாணமான புதிதில் சனிக்கிழமை சாயங்காலம் உன்னை வைட்ஃபீல்டில் நான் வேலை பார்த்த ஆபீசுக்கு அழைத்துப் போவேனே, ஞாபகம் இருக்கிறதா? ஆள் இல்லாத ஆபீசில் ஒரே கீபோர்டில் இரண்டு பேரும் கார் ரேஸ் ஆடினோம். திரையில் மேல் பாதி உனக்கு, கீழ்ப் பாதி எனக்கு. என் காரைச் சுவரோடு சேர்த்து இடித்துவிட்டு நீ சிரிப்பாய். இனி அதை நம் வீட்டிலேயே ஆடலாம்.

ரெடிமேடாக வாங்காதே, கட்டுப்படியாகாது. எஸ்.பி. ரோட்டுக்குப் போய் ஒவ்வொரு பாகமாக வாங்கு. முதலில் மதர்போர்டு. மற்ற பாகமெல்லாம் அந்தப் பலகையில்தான் செருக வேண்டும். அதில் கிராபிக்ஸ் கார்டுக்கு என்று தனி இடம் இருக்கிறதா என்று பார்த்து வாங்கு. ஏ.ஜி.பி. என்று கேட்டால் காட்டுவார்கள். அந்தக் கார்டு இல்லாவிட்டால் கேம் நகராது. கார்டை மட்டும் நான் இங்கிருந்து அனுப்புகிறேன்.

டிசம்பரோடு கான்ட்ராக்ட் முடிகிறது. அப்புறம் பெங்களூர்தான், நீதான்.

அன்புடன்
அப்பாதுரை


ஆஸ்டின் டவுன்
25.8.1999

என் மாமாவுக்கு,

இங்கே நானும், நீங்கள் விட்டுப்போன ஸ்கூட்டரும் சுகம். ஸ்கூட்டர் மட்டும் நீங்கள் இல்லாமல் ஸ்டார்ட் ஆக மாட்டேன் என்று அடம் பிடிக்கிறது. நான் தினமும் ஸ்டார்ட் ஆகி, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு பொம்மனஹள்ளி கார்மென்ட்சுக்குப் போய் வருகிறேன்.

உங்கள் எஸ்.பி. ரோட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை போனேன். தெருவே பூட்டிக் கிடந்தது. ஞாயிறு லீவு என்று ஒரு வரி எழுதினால் பேனா தேய்ந்தா போய்விடும்? அடுத்த சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டுக்கொண்டு மறுபடி போனேன். கார்மென்ட்சில் சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

கடைக்காரர் கேட்டார், "யாருக்கு மேடம்? பையனுக்கா?"

"எனக்குத்தான்."

"ஆபீஸ் வேலையா?"

"இல்ல, கார் ரேஸ் விடறதுக்கு."

கடையே சிரித்தது. நானும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். "கார்ட் யாக்கே, எதுக்கு மேடம்? போர்டுலயே படம் வரும். இது எடுத்துக்கோங்க" என்று ஒன்றைத் தலையில் கட்டி அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து பார்த்தால் நீங்கள் சொன்ன அந்த இடமே அதில் இல்லை! திருப்பிக் கொண்டுபோனால், விற்ற பொருளை வாங்க மாட்டாராம். நான் விடுவேனா? அவர் கடையிலேயே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். வருகிறவர்களிடமெல்லாம், "சார், போர்டு வேணுமா? இப்பத்தான் இங்க வாங்கினேன், வேலைக்கு ஆகல" என்று சொல்ல ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் மூச்சு விடாமல் மாற்றிக் கொடுத்தார்.

உட்கார்ந்திருந்தபோது ஒரு வேடிக்கை பார்த்தேன். கம்ப்யூட்டர் மாட்டுகிற ஆள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்திருக்கும் ரப்பரை எடுத்து, மெமரி என்கிற சின்னப் பலகையின் ஓரத்தில் பல் வரிசை மாதிரி இருக்கும் தங்கப் பட்டைகளைத் தேய்க்கிறார். அழுக்குப் பிடித்தால் கரண்ட் பாயாதாம். இத்தனை பெரிய சமாச்சாரத்துக்கு ஒரு ரப்பர்! எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

பொங்கலுக்கு வந்துவிடுவீர்கள்தானே?

உங்கள் வரவை நினைத்தபடி
உங்கள் சரளா


ஷார்ஜா
10.9.1999

அன்பு சரளாவுக்கு,

போர்டின் பெயரைத் தனித் துண்டில் எழுதி வைத்திருந்தாய். அவசரப்பட்டுவிட்டாய். அது நீளமான பழைய மாடல் பிராசசர் போடுகிற போர்டு. இப்போது சதுரமாகப் புதிது வந்திருக்கிறது. அதற்கு வேறு போர்டு வேண்டும். எப்படியாவது மாற்றிவிடு. முடியாவிட்டால் கொஞ்சம் பொறு, விலை இறங்கட்டும்.

எங்கள் ரூமில் இரண்டு கம்ப்யூட்டரை வயர் போட்டு இணைத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை வந்தால் சோறு தண்ணி மறந்து ஆடுகிறோம். ஒருவருக்கு ஒரு முழுத் திரை. என்ன வேகம் தெரியுமா! வைட்ஃபீல்டில் ஆடியதெல்லாம் மாட்டு வண்டி. இதெல்லாம் பார்த்த பிறகு நம் வீட்டுக்குச் சுமாராக ஒன்று வாங்க மனசு வரவில்லை.

அன்புடன்
அப்பாதுரை


ஆஸ்டின் டவுன்
28.9.1999

என் மாமாவுக்கு,

போர்டை மாற்ற மாட்டேன். எழுதிவிட்டேன், அவ்வளவுதான்.

அந்தக் கடைக்காரர் என்னைத் தெருமுனையில் பார்த்தாலே ஸ்டூலை உள்ளே எடுத்து வைக்கிறார். திரும்ப எந்த முகத்தோடு போவேன்? அங்கிருந்து நீங்கள் சுலபமாக "மாற்றிவிடு" என்கிறீர்கள். இங்கே கம்ப்யூட்டர் கேபினெட்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு பஸ்ஸில் நின்று வந்தவள் நான். கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கேட்டு மல்லுக்கு நின்றார். மானிட்டரை ஆட்டோவில் மடியில் வைத்து வந்ததில் கால் மரத்துப்போய், இறங்கவே முடியவில்லை. பக்கத்து வீட்டு மௌரீன்தான் கைத்தாங்கலாக இறக்கிவிட்டாள். "ஏம்மா, டிவி இருக்கப்பவே இன்னொரு டிவியா?" என்று கேட்டாள். அவளுக்கு விளக்கிச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

என் போர்டுக்குப் பொருந்துகிற பழைய பிராசசரையே வாங்கிவிட்டேன். மெமரியும் ஹார்ட் டிஸ்க்கும் வாங்கியாயிற்று. ஆளைக் கூப்பிட்டு மாட்டியும் வைத்துவிட்டேன். இனி உங்கள் கார்டு ஒன்றுதான் பாக்கி.

பொறு, இன்னும் நல்லது வரும் என்று எழுதுகிறீர்கள். மாதா மாதம் இன்னும் நல்லது வந்துகொண்டேதான் இருக்கும். அப்படிப் பார்த்தால் வீட்டில் ஒன்றும் வந்து சேராது. எனக்கு வேகம் வேண்டாம் மாமா. இரண்டு பேர் ஆட முடிந்தால் போதும். வெள்ளிக்கிழமை உங்களுக்கு ஆட நாலு பேர் இருக்கிறார்கள். எனக்கு யார் இருக்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்தீர்களா?

கோபத்தில் எழுதியதுதான். கிழித்துப் போடாமல் அனுப்புகிறேன்.

சரளா


ஷார்ஜா
6.10.1999

அன்பு சரளாவுக்கு,

கோபத்தைக் குறைத்துக்கொள். கார்டு வாங்கிவிட்டேன். மௌரீனின் அண்ணன், இங்கே என் கம்பெனிதான், இரண்டு மாத லீவில் வருகிறார், அவர் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். பத்திரம். வீட்டில் இருக்கும் எல்லாச் சாமானையும் விட அதுதான் விலை கூடியது.

பொங்கலுக்கு வருவது பற்றி முதலாளியிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். பிடி கொடுக்க மாட்டேன் என்கிறார். பார்க்கலாம்.

அன்புடன்
அப்பாதுரை


ஆஸ்டின் டவுன்
24.10.1999

என் மாமாவுக்கு,

கார்டு வந்தது. பார்த்ததும் உங்களையே பார்த்தது போல இருந்தது. அதை உடனே மாட்டியிருக்கலாம். ஆயுத பூஜைக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது, பூஜை முடித்து மாட்டலாம் என்று எடுத்து வைத்தேன். என் புத்தியை என்ன சொல்ல!

பூஜையன்று ஸ்கூட்டரைக் கழுவி, மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். கேபினெட்டுக்கும் மானிட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். கார்டுக்கு வைக்காமல் விட மனசு வரவில்லை. நீங்கள் கைப்பட வாங்கி அனுப்பியதாயிற்றே! ஆனால் அந்தப் பச்சைப் பலகையில் எங்கே வைப்பது? ஒரு பக்கம் காற்றாடி, மற்ற இடமெல்லாம் பொடிப் பொடியாக என்னென்னவோ நிற்கிறது. ஓரத்தில் அந்தத் தங்கப் பட்டைதான் வழவழவென்று இருந்தது. அதில் வரிசையாக மூன்று பொட்டு வைத்தேன். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

மறுநாள் மாட்டினேன். திரை இருட்டாகவே இருக்கிறது. உள்ளேயிருந்து பீப் பீப் என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது. கழற்றிப் பார்த்தால் சந்தனம் இறுகிப்போய், பாதி செருகுகிற இடத்துக்குள்ளேயே போயிருக்கிறது. ஈரத் துணியால் துடைத்தேன், அப்போதும் வரவில்லை. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என்ன செய்வது என்று உடனே எழுதுங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் சரளா


ஷார்ஜா
8.11.1999

சரளாவுக்கு,

உனக்கு அறிவிருக்கிறதா? கம்ப்யூட்டர் கார்டுக்கு யாராவது சந்தனம் பூசுவார்களா? அதுவும் கரண்ட் பாய்கிற இடத்தில்! அது போதாதென்று ஈரத் துணி வேறு. ரூமில் படித்துக் காட்டினேன், எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குத்தான் தலை நிமிர முடியவில்லை. பட்டிக்காட்டுக்காரி மாதிரி செய்துவிட்டு என்ன செய்வது என்று என்னைக் கேட்கிறாய்.

இனி அந்தக் கார்டு குப்பைதான். மறுபடி வாங்க வேண்டுமென்றால் நான் இங்கே உழைத்துத்தான் ஆக வேண்டும். வேறு வழியில்லாமல் கான்ட்ராக்டை இன்னும் இரண்டு வருடத்துக்கு நீட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பொங்கலுக்கு எதிர்பார்க்காதே. எல்லாம் நீ வைத்த பொட்டால் வந்த வினை.

அப்பாதுரை


ஆஸ்டின் டவுன்
1.12.1999

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு வாரம் என்னையே திட்டிக்கொண்டேன். என் கையாலேயே உங்கள் வரவைக் கெடுத்துக்கொண்டேன் என்று வெந்துபோனேன். கார்மென்ட்சில் ஊசி விரலில் ஏறியதுகூடத் தெரியவில்லை.

அறிவிருக்கிறதா என்று கேட்டீர்களே, ஒன்று கேட்கிறேன். வைட்ஃபீல்டில் வருஷா வருஷம் யுபிஎஸ் ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை கட்டிக்கொண்டு வருவீர்களே, அது யார்? எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்று உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லித் தந்திருக்கலாம். ரூமில் படித்துக் காட்டிச் சிரித்திருக்க வேண்டாம்.

போகட்டும். கார்டை எஸ்.பி. ரோட்டுக்கு எடுத்துப் போனேன். "ஈரம் பட்டிருக்கு மேடம், ஒண்ணும் பண்ண முடியாது, புதுசு வாங்கிக்கோங்க" என்றார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு முன்னால் யாரோ ஒரு பிள்ளை பென்சில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அப்போதுதான் அந்த ஆள் மெமரியை ரப்பரால் தேய்த்தது ஞாபகம் வந்தது. ஸ்டாப்பிங் வரும் முன்பே இறங்கி ஒரு ரப்பர் வாங்கினேன். தங்கப் பட்டை பளபளவென்று ஆகும்வரை தேய்த்தேன். பலகையில் செருகுகிற இடத்தில் ஒட்டியிருந்த சந்தனத்தைப் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டித் தட்டி எடுத்தேன். கார்டை மறுபடி செருகி ஸ்விட்சைப் போட்டேன்.

படம் வந்துவிட்டது மாமா!

நான் போட்ட கூச்சலில் மௌரீன் அடுப்பை விட்டு ஓடி வந்தாள். கார்டு சரியாகிவிட்டது, கான்ட்ராக்டை வேண்டாம் என்று சொல்லுங்கள், பொங்கலுக்குக் கிளம்பி வாருங்கள் என்று சொல்வதற்கு அப்படியே எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். மௌரீனின் அண்ணன் அங்கே நின்றிருந்தார். அவரிடமும் மூச்சிரைக்கச் சொன்னேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"அவன் செப்டம்பர்லயே கையெழுத்துப் போட்டுட்டானேம்மா. ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே போய்ப் போட்டோம். உனக்குச் சொல்லியிருப்பான்னு நெனச்சேன்."

நான் போன் செய்யவில்லை.

கையெழுத்து செப்டம்பரில். பொட்டு அக்டோபரில். முதலாளி பிடி கொடுக்கவில்லை என்று நீங்கள் எழுதியபோதே எல்லாம் முடிந்திருந்தது. அங்கேயே இருக்க ஆசை என்று நேராக எழுதியிருந்தால் அழுதிருப்பேன், சண்டை போட்டிருப்பேன், பிறகு ஒரு நாள் சரி என்றும் சொல்லியிருப்பேன். பழியைத் தூக்கி என் பொட்டின் மேல் போட்டீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து, கார்டோடு நீங்கள் அனுப்பிய சிடியைப் போட்டுக் கார் ரேஸைத் திறந்தேன். ஒருவரா, இருவரா என்று கேட்டது. பழக்கத்தில் இருவர் என்று அழுத்திவிட்டேன். மேல் பாதியில் என் கார் கிளம்பியது. கீழ்ப் பாதியில் உங்கள் கார் கோட்டிலேயே நின்றது. ஒரு சுற்று முடித்து வந்தேன், அப்போதும் நின்றது. பின்னால் போய் இடித்துப் பார்த்தேன். கொஞ்சம் நகர்ந்து மறுபடி நின்றுவிட்டது. சிரிப்பு வரவில்லை.

வெளியே வந்து ஒருவர் என்று அழுத்தினேன். திரை முழுவதும் எனக்கே வந்தது. இத்தனை நாள் பாதியில் ஓட்டிய அதே ரோடுதான். அதன் ஓரத்தில் ஒரு கடல் இருப்பதை இப்போதுதான் பார்த்தேன். இரண்டாவது சுற்றில் எங்கும் இடிக்காமல் வந்து சேர்ந்தேன்.

வருவதும் வராததும் உங்கள் இஷ்டம். வராவிட்டால் இனிமேல் கார்டைக் காரணம் சொல்லி எழுத வேண்டாம். அது நன்றாக வேலை செய்கிறது.

சரளா