உருளைக்கிழங்கு இல்லாத இலை

காலையிலிருந்து வீடு முழுக்க மிளகு வறுபடும் வாசனை. சமையல் மாமி மாதுங்காவிலிருந்து முதல் வண்டியைப் பிடித்து முலுண்ட் வந்து, குளித்து, மடியாக அடுக்களைக்குள் போய்விட்டாள். வாழைக்காயும் பாகற்காயும் புடலங்காயும் தாம்பாளத்தில் காத்திருக்கின்றன. இன்று உங்கள் திவசம். வயதைக் காரணம் காட்டி என்னைப் பால்கனி நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். சும்மா இருக்கிற வாய் எனக்கு என்றைக்கு இருந்தது? கேட்க ஆள் இல்லாததால் உங்களுக்கு எழுதுகிறேன்.

இந்த வாசனை வந்தால் எனக்கு அழுகைக்கு முன்னால் சிரிப்பு வந்துவிடுகிறது. திவசத்தன்று சிரிக்கக் கூடாது என்று தெரியும். ஆனால் பழி உங்கள்மேல்தான். பெண் பார்க்க வந்த இடத்தில் திவசத்தைப் பற்றிப் பேசிய மாப்பிள்ளை இந்த பம்பாயிலேயே நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள்.

ட்ராம் நின்றுபோன வருஷம் அது. மாதுங்காவில் எங்கள் வீடு மூன்றாம் மாடியில். நான் ஃபோர்ட்டில் ஓர் ஆபீஸில் டைப்பிஸ்ட். உங்களுக்கு முன்னால் சிலர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒருவர், பெண் பாடுவாளா என்று கேட்டார். இன்னொருவருடைய அம்மா, கல்யாணத்துக்கு அப்புறம் என் சம்பளம் யார் கைக்குப் போகும் என்று கேட்டாள். எல்லோரும் என்னைப் பற்றி அப்பாவிடம் பேசினார்களே தவிர, என்னிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் ஜமக்காளத்தின் பூப்போட்ட ஓரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்து பழகிவிட்டேன்.

செம்பூரிலிருந்து உங்கள் அண்ணாவும் மன்னியும் வந்தார்கள், நீங்கள் வாசலில் அவர்களோடு சேர்ந்துகொண்டீர்கள். மன்னி கையில் பூவும் பழமும் இருந்தன. உங்கள் கையில் அட்டை கிழிந்த ஒரு தடிப் புத்தகம். வருகிற வழியில் ஃப்ளோரா ஃபவுண்டன் நடைபாதையில் வாங்கினதாம். சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ் முடிந்து நேரே வந்திருந்தீர்கள், அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டீர்கள். என் அத்தை அதைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அத்தை என்றால் அப்பாவின் அக்கா. எங்கள் வீட்டில் அப்பா பேசுவார், அத்தை முடிவு செய்வாள்.

பேச்சு சீர்வரிசைக்குத் திரும்பியது. உங்கள் அண்ணா மிகவும் பெருந்தன்மையாக, எங்களுக்குப் பெரிதாக எதிர்பார்ப்பு ஒன்றும் இல்லை என்று ஆரம்பித்தார். அதோடு விட்டிருக்கலாம். நீங்கள் முகமெல்லாம் மலர்ந்து, இந்த பம்பாயே சீதனமாக வந்த ஊர்தான் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டீர்கள். போர்ச்சுகீசிய ராஜ வம்சத்துப் பெண்ணை இங்கிலாந்து ராஜாவுக்குக் கட்டிக்கொடுத்தபோது இந்தத் தீவையும் சேர்த்துக் கொடுத்தார்களாம். அவருக்கு இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல், வருஷத்துக்குப் பத்துப் பவுண்டு வாடகைக்கு கம்பெனிக்கு விட்டுவிட்டாராம். அப்பா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். நீங்கள் போன பிறகு அம்மாவிடம், "ஊரையே சீதனமாக் கேப்பான் போலிருக்கே" என்றார்.

அதுகூடப் பரவாயில்லை. நான் பஜ்ஜியும் சொஜ்ஜியும் கொண்டுவந்து வைத்தேன். உருளைக்கிழங்கு பஜ்ஜி. நீங்கள் ஒன்றை எடுத்துக் கடித்து, ரசித்து, பாதியை விரலில் தூக்கிப் பிடித்தீர்கள்.

"இது நம்ம ஊர்க்காரனே இல்லை. மிளகாயும் அப்படித்தான். ரெண்டும் கப்பல்ல வந்து எறங்கினது. அதனாலதான் பாருங்கோ, திவசத்துல ரெண்டையும் சேக்கறதில்லை."

சுபகாரியம் பேச வந்த இடத்தில், பெண் எதிரே உட்கார்ந்திருக்கையில், திவசம் என்ற சொல். பல்லி சொன்னாலே சகுனம் பார்க்கிற வீடு எங்களுடையது. உங்கள் அண்ணா கண்ணை மூடிக்கொண்டார். அத்தை எழுந்து உள்ளே போய்விட்டாள். நீங்கள் மட்டும் ஒன்றும் புரியாமல் பாதி பஜ்ஜியோடு எல்லோரையும் பார்த்தீர்கள்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று இன்று வரைக்கும் தெரியாது. தைரியம்கூட இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது, கேட்டுவிட்டேன்.

"அப்போ அதுக்கு முன்னாடி நம்மவா காரத்துக்கு என்ன பண்ணினா?"

அப்போதுதான் நீங்கள் என்னை முதல் தடவையாகப் பார்த்தீர்கள். மாப்பிள்ளை பெண்ணைப் பார்க்கிற பார்வை இல்லை அது. ரயிலில் பக்கத்து சீட்டுக்காரர் நம் ஊர்க்காரராக இருந்துவிட்டால் ஒரு சந்தோஷம் வருமே, அந்த மாதிரி. "மிளகுதான். அதைத் தேடிண்டுதான் அவா இந்தப் பக்கமே வந்தா" என்றீர்கள். என் கேள்விக்கு, என் முகத்தைப் பார்த்து, பதில். அந்த நிமிஷமே நான் தீர்மானித்துவிட்டேன்.

நான் தீர்மானித்தால் போதுமா? அத்தை அன்று சாயங்காலமே முடித்துவிட்டாள். வாயைத் திறந்தாலே அபசகுனம் பேசுகிற பிள்ளைக்கு நம் பெண்ணைக் கொடுக்க முடியாது என்றாள். அப்பா மறுபேச்சு பேசவில்லை. ஜாதகம் அவ்வளவாகப் பொருந்தவில்லை என்று உங்கள் அண்ணாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அம்மாவிடம் மட்டும், எனக்கு இந்த இடம் பிடித்திருந்தது என்று சொன்னேன். அம்மா என்ன செய்வாள், பாவம். தலையைத் தடவிவிட்டு, நல்லதே நடக்கும் என்றாள். நான் வழக்கம்போல ஆபீஸ் போனேன், வந்தேன். ஃப்ளோரா ஃபவுண்டன் பக்கம் போகும்போதெல்லாம் நடைபாதைப் புத்தகக் கடைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். நீங்கள் ஒரு நாளும் கண்ணில் படவில்லை.

அந்த ஆடியில் என் தாத்தாவின் திவசம் வந்தது. அம்மாவும் அத்தையும் சமைத்தார்கள். வந்த பிராமணாள் சாப்பிட்டு எழுந்த பிறகு அப்பா இலையில் உட்கார்ந்தார். நான் நெய் எடுத்துக்கொண்டு போனேன். அப்பா சாப்பிடாமல் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். வாழைக்காய், பாகற்காய், பயத்தம்பருப்பு, பிரண்டைத் துவையல், மிளகு ரசம், எள்ளுருண்டை. விவரம் தெரிந்த நாளாக அவர் பார்த்துவந்த அதே இலைதான்.

"அக்கா, ஏன் உருளைக்கிழங்கு போடறதில்லை?"

"வழக்கம். அம்மா போட மாட்டா."

"அம்மா ஏன் போட மாட்டா?"

தக்காளி, கோஸ், மிளகாய் என்று அப்பா ஒவ்வொன்றாகக் கேட்டார். அத்தை கரண்டியோடு நின்றாள்.

"நமக்குக் காரணம் தெரியலை. காரணம் சொன்னவனை வேண்டாம்னுட்டோம்" என்றார் அப்பா.

அத்தை சாதத்தைப் பரிமாறி, ரசத்தை ஊற்றி, அப்புறம்தான் சொன்னாள். "நேரங்காலம் பாத்துப் பேசத் தெரியலை, அவ்வளவுதான். பொய் சொல்ற பிள்ளை இல்லை." அத்தை வாயிலிருந்து அதைவிடப் பெரிய ஆசீர்வாதம் நான் கேட்டதில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா தானே செம்பூருக்குக் கிளம்பிப் போனார். பொருந்தாத ஜாதகம் எப்படியோ பொருந்திவிட்டது.

செம்பூர் வீட்டில் நான் காய் நறுக்க உட்காரும்போதெல்லாம் நீங்கள் எதிரே வந்து உட்காருவீர்கள். ஒத்தாசைக்கு இல்லை, சொல்வதற்கு. இந்த ஊரில் எடுத்த முதல் மௌனப் படத்தில் ராணியாக நடித்தது ஹோட்டலில் வேலை பார்த்த ஓர் ஆண்பிள்ளை என்று சொன்னது நீங்கள். ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்கு மாதுங்கா போனால், கதாநாயகி வரும்போதெல்லாம் என் காதில், "இது பொம்மனாட்டிதான், பயப்படாதே" என்பீர்கள். முன்வரிசை மாமா திரும்பி முறைப்பார்.

நானும் சும்மா இருந்துவிடவில்லை. பல வருஷம் கழித்து உங்கள் புத்தகம் ஒன்றிலேயே கண்டுபிடித்தேன், சர்க்கரைவள்ளிக் கிழங்கும் அதே கப்பல் வழி வந்ததுதான் என்று. அது மட்டும் எப்படித் திவச இலையில் ஏறியது என்று மடக்கினேன். "அது டிக்கெட் வாங்காம ஏறிடுத்து" என்றீர்கள். சரி, நம் ஊரிலேயே முளைத்த முருங்கைக்காய் என்ன பாவம் செய்தது, அதை ஏன் சேர்ப்பதில்லை என்று கேட்டேன். காபி கொண்டா என்று பேச்சை மாற்றிவிட்டீர்கள். நம் கல்யாணத்தின் அஸ்திவாரம் கொஞ்சம் ஆட்டம்தான் என்று நான் கேலி செய்வேன்.

இத்தனை சொல்லிவிட்டு, அந்த வெளியூர்க்கார உருளைக்கிழங்கை உங்களைப் போல யார் சாப்பிட்டார்கள்? பொடிமாஸ், ரோஸ்ட், காரக்கறி, தாதர் ஸ்டேஷன் வாசலில் வடாபாவ். கடைசி வருஷங்களில் டாக்டர் கூடாது என்றபோது, தட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுச் சொன்னீர்கள்: "இருக்கறச்சயும் கெடையாது, போனப்புறமும் கெடையாது. நானே எனக்கு எதிரா சாட்சி சொல்லி வெச்சிருக்கேன்." நான் அன்று சிரித்தேன். இன்று சிரிக்க முடியவில்லை.

ஏனென்றால் சற்று முன்னால் அடுக்களையில் ஒரு வழக்கு நடந்தது. நம் மருமகள், விக்ரோலியில் பிறந்த மராத்திப் பெண், உங்களோடு போட்டி போட்டுச் சாப்பிட்டவள், சமையல் மாமியிடம் இலையில் உருளைக்கிழங்கு வைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். மாமி முடியாது என்றுவிட்டாள். மருமகள் விடவில்லை, பால்கனிக்கு வந்துவிட்டாள், கையில் ஓர் உருளைக்கிழங்கோடு.

"அம்மா, பாபாவுக்கு பட்டாட்டான்னா உயிர். அவருக்காகத்தானே சமைக்கிறோம்? ஓரமா கொஞ்சம் வெச்சா என்ன?"

பின்னாலேயே நம் பிள்ளை பஞ்சகச்சத்தோடு வந்து நின்றான். அம்மா சொன்னால் சரி என்றான். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். வேண்டாம் என்று சொல்ல மனசே இல்லை. உங்களுக்கு நான் மறுத்தது டாக்டர் பேச்சைக் கேட்டு மறுத்ததுதான், அதுவே இன்றும் உறுத்துகிறது. போடு என்று சொல்ல ஒரு வார்த்தை போதும்.

சொல்லவில்லை. மருமகளைப் பக்கத்தில் உட்கார வைத்து அந்தச் சனிக்கிழமைக் கதையைச் சொன்னேன். கப்பல், பஜ்ஜி, அத்தை, தாத்தாவின் இலை எல்லாம். அந்த இலையில் ஒரு துண்டு உருளைக்கிழங்கு இருந்திருந்தால் நீ இன்று இந்த வீட்டில் நின்றுகொண்டிருக்க மாட்டாய் என்றேன். அவள் கிழங்கைப் புடவைத் தலைப்பில் துடைத்து, உள்ளே கொண்டுபோய்க் கூடையில் போட்டுவிட்டாள்.

சாஸ்திரிகள் வந்துவிட்டார். கூப்பிடுகிறார்கள், போக வேண்டும். உங்களுக்கு இன்றைக்கும் உருளைக்கிழங்கு கிடையாது, கோபித்துக்கொள்ளாதீர்கள். நாளைக் காலை நானே அடுப்படிக்குப் போய் பஜ்ஜி போடப் போகிறேன். முதல் பஜ்ஜியை எடுத்து, பாதி கடித்து, தூக்கிப் பிடித்து, இது நம்ம ஊர்க்காரனே இல்லை என்று நான் சொல்வேன். மீதிப் பாதியையும் நான்தான் சாப்பிட வேண்டும்.