வலது பக்கத்து ஃபாக் லைட்

சங்கரன்கோவில்
மார்கழி 9

அன்பு மகள் வேல்விழிக்கு அப்பா ஆசீர்வாதத்தோட எழுதுதது. கோமதியம்மன் புண்ணியத்துல நானும் உங்கம்மாவும் இங்கன சுகமா இருக்கோம், ஜலந்தர் குளிர்ல நீ எப்படி இருக்கியோன்னுதான் எங்களுக்கு ஒரே விசாரம். அம்மாவுக்கு முட்டுவலி தேவலை, படியேறி இறங்குதா. பக்கத்துத் தறிக்கூடம் ரெண்டு நாளா ஓடலை, அந்தச் சத்தம் இல்லாம எனக்குத்தான் தூக்கம் வரமாட்டேங்கு. தினம் போன்ல பேசுதவரு என்னத்துக்குக் கடுதாசி எழுதுதாருன்னு நினைப்ப. போன்ல சொன்னா உங்கம்மா ஸ்பீக்கர்ல போட்டுக் கேப்பா, இது அவளுக்கும் தெரியாது மக்கா. எழுதவே கை கூசுது. இருந்தாலும் உன்கிட்ட சொல்லித்தான் ஆகணும், நான் செஞ்ச தப்புல உன்னையும் சேர்த்து இழுத்து விட்டுட்டேன்.

போன மாசம் நீ விட்டுட்டுப் போன காரை மெக்கானிக் நியாஸ் அகமது பட்டறையில சர்வீசுக்கு விட்டேன்லா. எடுக்கப் போனப்போ பாத்தா, முன்னால கீழ இருக்க ஃபாக் லைட்டுல இடது பக்கத்து லென்ஸ் புத்தம் புதுசா மின்னுது, வலது பக்கம் மோர் குடிச்ச கிளாஸ் மாதிரி மங்கிக் கிடக்கு. எனக்குச் சுள்ளுன்னு ஏறிட்டு. முப்பது வருசம் முத்திரை ஆபீசுல இருந்து, கடை கடையா எடைக்கல்லைப் புரட்டிக் கள்ள முத்திரையைப் பிடிச்ச கண்ணுல்லா இது! ரெண்டும் ஒண்ணு போலத்தான இருந்துச்சு, நல்லதைக் கழத்திட்டு எவன் வண்டிப் பழசையோ மாட்டிட்டியான்னு கேட்டேன். இல்ல அண்ணாச்சி, ரெண்டுமே மங்கித்தான் இருந்துச்சு, ஒரு பக்கம் சும்மா சாம்பிளுக்குப் பாலிஷ் போட்டேன், உங்களுக்குப் பிடிச்சா அடுத்ததும் போட்டுருவோம்னு அவன் பொறுமையாத்தான் சொன்னான். பழைய லென்ஸ் எப்படிலே புதுசாகும், யார்ட்ட கதை விடுதன்னு கத்தி, களவாணிப் பயலேன்னும் சொல்லிட்டேன் மக்கா. வண்டி விட வந்த நாலு பேர் நின்னாங்க. அவன் பொண்டாட்டி ரூபியா மத்தியானச் சாப்பாட்டைக் கொண்டுக்கிட்டு அப்பத்தான் வந்துச்சு. தூக்குவாளியைக் கீழகூட வைக்காம அந்தப் பிள்ளை அப்படியே நின்னது இன்னும் என் கண்ணுலயே நிக்குது.

அதோட விட்டேனா? சாயங்காலமே உனக்குப் போன் போட்டு, மேப்புல அந்தப் பட்டறைக்கு ஒத்த ஸ்டார் போடு, சாமான் மாத்துத கடைன்னு எழுதுன்னேன். நீ, நல்லாத் தெரிஞ்சுதான் சொல்லுதியளா அப்பா, நியாஸண்ணன் அப்படி ஆள் இல்லையேன்னு ரெண்டு தடவை கேட்ட. உனக்கென்னட்டி தெரியும், என் கண்ணு தப்பாதுன்னு உன் மேலயும் எரிஞ்சு விழுந்தேன், நீயும் மனசில்லாம எழுதிப் போட்ட.

இப்பப் பனிக்காலம், விடியக்காலம் அம்மாவைச் சித்தி வீட்டுக்கு வாசுதேவநல்லூர் கூட்டிட்டுப் போணும்னா ரெண்டு ஃபாக் லைட்டும் இல்லாம முடியாது. வேற பட்டறையில கேட்டா, இந்த மாடலுக்கு லென்சே வாரதில்லைங்கான். இரும்புக்கடை பொன்னுச்சாமிதான், வாட்டர் பேப்பரும் பல் விளக்குத பேஸ்ட்டும் போதுமே அண்ணாச்சின்னான். ஞாயித்துக்கிழமை காலையில அந்த வலது பக்கத்து லென்சைச் சோப்புத் தண்ணியில கழுவி, பெயிண்ட்ல கீறல் விழாம சுத்தி டேப் ஒட்டி, சொரசொரப்புத் தாளால முதல்ல, நைசுத் தாளால பிறகு, தண்ணி விட்டு விட்டுத் தேய்ச்சேன். துடைச்சுப் பார்த்தா முன்னைக்கும் மோசமா வெளுத்துப் போச்சு. சரி, இருந்ததையும் கெடுத்தாச்சுன்னு நினைச்சுக்கிட்டே பழைய பனியன் துணியில பேஸ்ட் வச்சு வட்டம் வட்டமாத் தேய்ச்சுத் தண்ணி ஊத்துனா, ஏ யாத்தே, பல்பு வரைக்கும் தெரியுது! கூடவே இன்னொண்ணும் தெரிஞ்சுது.

நீ வண்டி பழகும்போது நம்ம கேட் தூண்ல இடிச்சியே, ஞாபகம் இருக்கா? லென்ஸ் ஓரம் விரிசல் விட்டு, நான் கழத்தி உள்பக்கமா ஃபெவிக்விக் விட்டேன், கட்டைவிரல் ஒட்டிக்கிட்டுப் பிய்க்க முடியலைன்னு நீ விழுந்து விழுந்து சிரிச்ச. அந்த விரிசல் அங்கனயே இருக்கு மக்கா. காஞ்ச பசையில என் விரல் ரேகை, முத்திரை குத்துன மாதிரி. நம்ம லென்சேதான். வருசக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா மங்குனது என் கண்ணுக்குத் தெரியவே இல்ல. அவன் சொன்னது அத்தனையும் நிசம். வாளியைக் கவுத்திப் போட்டு அது மேலயே உக்காந்துட்டேன். வெக்கமா இருக்கு, வேற என்ன சொல்ல.

முந்தாநாள் மன்னிப்புக் கேக்கணும்னுதான் பட்டறைக்குப் போனேன். ஆள் நின்னாங்க, டயருக்குக் காத்துப் பிடிக்கணும்னுட்டேன். காத்துப் பிடிச்சிட்டு நியாஸ் குனிஞ்சு லைட்டைப் பார்த்தான், விரலால தடவுனான், நல்லா வந்திருக்கு அண்ணாச்சி, யாரு போட்டதுன்னான். ராஜபாளையத்துல போட்டேன்னு பொய் சொன்னேன், இந்த வயசுல. அவன் குத்திக்காட்டி ஒரு வார்த்தை பேசலை. மேல கிளியர் வார்னிஷ் அடிக்கலைன்னா வெயில்ல மறுபடியும் மங்கிரும், ஒரு நாள் கொண்டாங்க, அடிச்சுத் தாரேன்னான். நாம எழுதுனதைப் பார்த்துட்டு ஒரு ஸ்கூல் வேன்காரங்க வேற பட்டறைக்குப் போயிட்டாங்கன்னு பொன்னுச்சாமி சொல்லுதான். அதுல உன் பேர் போட்டிருக்கு, நியாஸும் படிச்சிருப்பான்.

அதை உடனே எடுத்துரு. எடுத்துட்டு, அய்யாத்துரை சொன்னது பொய், நியாஸ் நேர்மையான ஆளுன்னு தமிழ்லயே எழுது, எல்லாரும் படிக்கட்டும். ஆனா பட்டறையில நின்னு கத்துனதை நான் அங்கன நின்னுதான் திருப்பி எடுக்கணும், ரூபியா சாப்பாடு கொண்டு வார நேரமாப் பார்த்து. என்னைப் பத்தி எனக்குத் தெரியும், நாளைக்கு நாளைக்குன்னு தள்ளுவேன். இந்தத் தபால் உன் கைக்கு வர அஞ்சாறு நாள் ஆகும், அதுதான் எனக்குக் கெடு. கிடைச்சதும் போன் போட்டு, சொல்லியாச்சாப்பான்னு கேளு. ஸ்பீக்கர்லயே கேளு, உங்கம்மா காதுலயும் விழட்டும்.

காதை மூடிக் குல்லா போட்டுக்கோ, வேளைக்குச் சாப்பிடு. நீ நூறு வருசம் நல்லா இருக்கணும் தாயி. நான் கேட்டதை மறந்துராத.

கண்ணு தப்பின உன் அப்பா,
அய்யாத்துரை