இடப்பக்கம் ஒரு படி கூடுதல்

மெக்கானிக் பாய் உன் மோட்டார் சைக்கிளின் செயினை மண்ணெண்ணெய்த் தட்டிலிருந்து தூக்கி, படுக்கைவாட்டில் இரண்டு கைகளாலும் பிடித்துக் காட்டினார். நல்ல செயின் அப்படிப் பிடித்தால் ஓரளவு நேராக நிற்குமாம். இது வாடிய பாகற்கொடி மாதிரி தொங்கியது. கிரீசும் மண்ணெண்ணெயும் கலந்த அந்த வாடை உன் கைப்பையில் எப்போதும் இருக்கும். நீ திருத்திய கணக்குத் தாள்களிலும் இருக்கும். பிள்ளைகள் மோந்து பார்த்துச் சிரிப்பார்கள். நீ கண்ணை மூடி ஏழு மாதம் ஆகிறது. பெரம்பலூர்ப் பட்டறை வாசலில் நின்ற எனக்கு, பின்னாலிருந்து நீ கூப்பிடப்போகிறாய் என்றே தோன்றியது.

வண்டியை உன் தம்பி வரதராஜன்பேட்டையிலிருந்து குட்டியானை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தான். "அக்கா சொல்லிட்டுத்தான் போச்சு. வண்டி உங்களுக்குத்தான்" என்றான். எனக்கு ஓட்டத் தெரியாதே என்றேன். "அதையும் சொல்லுச்சு. 'சந்தேகப்பட்டுக்கிட்டே கத்துக்குவா'ன்னுச்சு."

உன் அப்பா வைத்திருந்த வண்டி அது. நாம் இருவரும் அரியலூர்ப் பக்கத்துப் பள்ளிக்கு வேலைக்கு வந்த காலத்திலேயே பழசு. காலை பஸ் ஒன்று சீக்கிரம் வரும், இல்லையென்றால் மணி அடித்த பிறகு வரும். அதனால் நீ ஓட்டுவாய், நான் பின்னால். நீ சுடிதாரில் வந்து என் இயற்பியல் ஆய்வகத்துச் சாமான் அறையில் சேலைக்கு மாறுவாய். நான் வீட்டிலிருந்தே சேலை; ஒருக்களித்து, இரண்டு காலையும் இடப்பக்கம் போட்டு உட்காருவேன்.

கிக்கரை மிதிக்கும் முன் நீ நெற்றியில் சிலுவை போடுவாய்.

"மாதாவுக்குக் கிக்கரப் பத்தி என்ன தெரியும்?" என்பேன்.

"எம்.எஸ்சி. படிச்ச உன்னவிட நல்லாத் தெரியும். ரெண்டு பக்கமும் காலப் போட்டு உக்காருடி. குடி ஒண்ணும் முழுகிடாது."

நான் ஒரு நாளும் அப்படி உட்காரவில்லை.

ஒரு மழைக்காலத்தில், சுண்ணாம்புக்கல் லாரிகள் தோண்டிப்போட்ட பள்ளத்தில் பின் சக்கரம் இறங்கி ஏறியது. நான் இடப்பக்கமாகச் சரிந்து ரோட்டில் உட்கார்ந்தேன். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் இனி பஸ்தான் என்று சொல்லிவிட்டேன். நீ வாதாடவில்லை. தனி ஊசலில் அடையாளம் வைக்க நான் ஆய்வகத்தில் வைத்திருந்த சிவப்பு நகப்பூச்சுக் குப்பியை மறுநாள் கேட்டு வாங்கிக்கொண்டாய்.

"எதுக்கு? உனக்குத்தான் பூசற பழக்கமே கிடையாதே."

"ஒரு அடையாளம் வைக்கணும். கேள்வி கேக்காமக் குடு."

திங்கட்கிழமை வந்து, "இனிமே சாயாது. ஏறு" என்றாய். ஏறினேன். உண்மையிலேயே சாயவில்லை. அல்லது நீ சொன்னதால் நான் விறைத்து உட்காருவதை நிறுத்தியிருக்கலாம். காரணம் எதுவென்று அப்போது நான் ஆராயவில்லை. எதையும் ஆராய்கிறவள், இதை விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் செயின் உன்னைப் படுத்த ஆரம்பித்தது. வருஷத்துக்கு ஒன்று மாற்றினாய். சுண்ணாம்புத் தூசி தின்கிறது என்றாய். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அதே ரோட்டில் போகிற மற்ற வண்டிகளுக்கு அப்படி ஆகவில்லையே. நீ கிளட்சை வெடுக்கென்று விடுகிறாய், அந்த இழுப்பில்தான் செயின் தேய்கிறது என்று கரும்பலகையில் படம் போட்டுக்கூட விளக்கினேன். நீ சுவாரசியமாகக் கேட்டுக்கொண்டாய்.

பிளஸ் டூ செய்முறைத் தேர்வு நாளில், அரியலூர் ரயில்வே கேட்டைத் தாண்டியதும் செயின் அறுந்தது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் பள்ளியில் காத்திருந்தார். பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. அத்தனை பேருக்கும் முன்னால் நான் கத்தினேன்: "ஒழுங்கா கிளட்ச் விடத் தெரியாதவளுக்கு எதுக்கு வண்டி?"

நான் சத்தம் போட்டு நீ கேட்டது அந்த ஒரு தடவைதான். அறுந்த செயினைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாய். ஏதோ சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டாய்.

"சரி, என் தப்புதான். மொதல்ல நீ போ" என்று ஒரு கல் லாரியை மறித்து, "அண்ணே, டீச்சரப் பரிச்சைக்கு எறக்கி வுடுங்கண்ணே" என்று என்னை ஏற்றி அனுப்பினாய். தேர்வு அறைக்குள் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி நுழைந்தேன்.

இரண்டு மாதம் பஸ்ஸில் போனேன். ஒரு காலை, பஸ் நிறுத்தத்தில் என் முன்னால் வண்டியை நிறுத்தினாய். "புதுச் செயின். ஏறு." ஏறினேன். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. என் முடிவு சரி என்றுதான் அன்றைக்கும் நினைத்தேன். இந்த வாரம் வரைக்கும் நினைத்தேன்.

இப்போது பாய் பின்பக்கத்து ஷாக் அப்சார்பர் இரண்டையும் துடைத்துக் காட்டினார். ஸ்பிரிங் அடியில் ஒரு வளையம், அதில் படிப்படியாக வெட்டு. படியை ஏற்றினால் ஸ்பிரிங் விறைக்கும். வலப்பக்கம் இரண்டாம் படியில் இருந்தது, இடப்பக்கம் மூன்றாம் படியில்.

"ரெண்டும் ஒண்ணா இருக்கணும் டீச்சர். ஒரு பக்கம் மட்டும் ஏத்தி வச்சா, சக்கரத்தப் புடிச்சிருக்கற கவை முறுக்கிக்கும். அதுக்குள்ள இருக்கற ரப்பர் புஷ் தேஞ்சு சக்கரம் சாயும். செயினு பல்சக்கரத்துப் பல்லுல ஓரமா ஒரசும். பாருங்க, ஒரு பக்கம் மட்டும் எப்புடி மழிச்சு வுட்டிருக்கு."

எவனோ மெக்கானிக் செய்த கவனக்குறைவு என்றேன். பாய் விரலால் கிரீசை வழித்தார். இடப்பக்க வளையத்தில், மூன்றாம் படிக்கு நேராக, ஒரு சிவப்புக் கோடு. நகப்பூச்சு.

உன் தம்பி சொன்னான்: "அரியலூர் மெக்கானிக்கும் இதையேதான் சொன்னாரு. அக்கா கேக்கல. 'செயின வேணா மாத்து, அந்தப் பக்கம் மட்டும் கைய வச்சே, கொன்னுடுவேன்'னு சத்தம் போடும். எதுக்குன்னு எங்களுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

எனக்குத் தெரிந்தது. ரயில்வே கேட்டருகே நீ வாயெடுத்து நிறுத்தியது என்னவென்றும் தெரிந்தது. எனக்காக ஏற்றிய படிதான் செயினைத் தின்கிறது என்று சொல்லியிருந்தால் அடுத்த நிமிஷமே இறங்கி, ஆயுசுக்கும் பஸ்ஸிலேயே போயிருப்பேன். என்னை அவ்வளவு சரியாகக் கணித்திருக்கிறாய்.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. இடப்பக்கம் ஒரு படி ஏற்றினால் மட்டும் இருக்கை நிமிர்ந்துவிடாது. சாய்வைப் பிடித்து நிறுத்தியது ஸ்பிரிங் அல்ல. என் கணக்கு இப்போதும் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் செயின் விஷயத்தில் என் முடிவு தவறு. உன் கிளட்சில் எந்தக் குறையும் இல்லை. உன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் இது.

"என்ன டீச்சர், எறக்கிடவா?" என்று பாய் கேட்டார். கையில் படியைத் திருகும் கொக்கிச் சாவி தயாராக இருந்தது. உன் தம்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எறக்குங்க. அந்தச் சிவப்பை மட்டும் அழிக்காதீங்க."

டக்கென்று ஒரு சத்தம். கோடு ஒரு படி தள்ளிப் போய் நின்றது.

புதுச் செயினை மாட்டியதும், "ஏறி உக்காருங்க. ஆள் வெயிட்டு இருந்தாத்தான் செயின் எவ்ளோ தொய்யணும்னு தெரியும்" என்றார். நான் போய்ப் பின் இருக்கையில், ஒருக்களித்து, இடப்பக்கம் கால் தொங்க உட்கார்ந்தேன்.

"முன்னாடிங்க, டீச்சர்" என்றான் உன் தம்பி.

இறங்கினேன். அன்று சுடிதாரில்தான் போயிருந்தேன். முன்னால் போய்க் காலைத் தூக்கிப் போட்டு, இரண்டு பக்கமும் தரையில் ஊன்றி உட்கார்ந்தேன்.

குடி ஒன்றும் முழுகவில்லை.